மதகுமேல் நின்ற பெண்

மாட்டுப் பொங்கலன்று விடியற்காலையில் தெள்ளார் ஏரிக்கரைக்கு யாரும் வரமாட்டார்கள். மாடு கழுவ வருகிறவர்கள்கூட வெயில் ஏறின பிறகுதான் வருவார்கள். தை மாதத்துத் தண்ணீர் அவ்வளவு குளிரும். அன்றைக்கு நான் போனபோது மதகின்மேல் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலையைச் சுற்றி அவள் அப்பாவின் மஃப்ளர். சுடிதாருக்கு மேலே மண் நிறத்தில் ஆண்பிள்ளைச் சட்டை. கழுத்தில் பைனாகுலர். கையில் குறிப்பேடு, அதிலேயே நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பக்கத்தில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற தம்பி, போர்வையைப் போர்த்துக்கொண்டு.

எங்கள் தெருவில் எதிர்வரிசை நெசவாளியின் மூத்த மகள். தார் சுற்றிக்கொண்டே பாடம் படித்து வளர்ந்தவள். செய்யாற்றில் விலங்கியல் முடித்துவிட்டு, இப்போது காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் முதுகலை படிக்கிறாள். போகிக்கு முந்தின நாள் திண்டிவனம் பேருந்திலிருந்து இறங்கி, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வீட்டுக்குப் போனதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். நான் பனைமரத்தடியில் உட்கார்ந்தேன், கூப்பிடவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது நெசவுத் தெருவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவில் இழை எண்ணுகிறவர்களின் உதடு எப்படி அசையுமோ அப்படித்தான் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பைனாகுலரை ஏரியின் தெற்கு மூலையில் வைத்து, மெல்ல மெல்ல வடக்கே கொண்டுபோனாள். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. கடைசியில் போய் நின்று, கண்ணை எடுக்காமலே ஏதோ சொன்னாள். தம்பி எழுதினான். மறுபடி தெற்கிலிருந்து ஆரம்பித்தாள். முதல் சுற்றில் நாமக்கோழி மட்டும். அடுத்ததில் முக்குளிப்பான் மட்டும். கூட்டமாக இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பத்து பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் அளந்துகொண்டு, அந்த அளவை அப்படியே கூட்டத்தின்மேல் நகர்த்திப் பத்துப் பத்தாகக் கூட்டினாள். முக்குளிப்பானைத்தான் எண்ண முடியவில்லை. எண்ணி முடிப்பதற்குள் பாதி முங்கிவிடும், முங்கினது வேறிடத்தில் எழும்பும். ஒரே இடத்தை மூன்று தடவை எண்ணி, மூன்றில் பெரிய எண்ணை எழுதச் சொன்னாள்.

தை பிறந்ததும் தமிழ்நாடு முழுக்க இந்த எண்ணல் நடக்கிறது. பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களும் பறவை பார்க்கிறவர்கள் அவரவர் இருக்கும் இடத்தில், ஊர் ஏரியோ கொல்லைப்புறமோ பள்ளிக்கூடத்து வேப்பமரமோ, குறைந்தது 15 நிமிடம் நின்று கண்டதையெல்லாம் எண்ணி ஈபேர்டு என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். இதே ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் வருகிறது. 1987இலிருந்து ஆண்டுதோறும் நடக்கிற அதில் இந்தியா தொடங்கிப் பல நாட்டு நீர்நிலைகளில் ஒரே பருவத்தில் எண்ணுகிறார்கள். குளிருக்குத் தப்பி மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் வாத்துகள் இந்த மாதத்தில்தான் ஓரிடத்தில் தங்கி மேயும். அவற்றை எண்ணுவதற்கு வேறு நல்ல மாதம் இல்லை. அந்தப் பெரிய பதிவேட்டில் தெள்ளார் ஏரி என்று ஒரு வரி இருப்பதற்கு ஒரே காரணம், ஒரு பிள்ளை பண்டிகைக் காலையில் எழுந்து வந்து நின்றதுதான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், தாங்கல் உண்டு. இப்படி யாராவது நிற்கிற ஏரிகள் அதில் மிகக் கொஞ்சம்.

"எத்தினி?" என்றான் தம்பி, கடைசியில். கூட்டிப் பார்த்தார்கள். அவன் முகம் விழுந்துபோயிற்று. அக்காவின் கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் ஊசிவால் வாத்துகள் எழும்புகிற படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன். இங்கே நாமக்கோழி, முக்குளிப்பான், கருவேல மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகங்கள், தண்ணீர்மேல் தாழப் பறந்து கொத்தும் மீசை ஆலாக்கள் கொஞ்சம், ஓர் ஓரமாக ஜோடியாய்ப் புள்ளிமூக்கு வாத்து. அவ்வளவுதான்.

"தண்ணி நிறைய இருக்குதே, அப்ப பறவையும் நிறைய இருக்கணும் இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. கீழே இறங்கி, கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டுக் காட்டினாள். இரண்டு எட்டு உள்ளே போனாலே குச்சி முழுகியது. உள்ளானுக்குக் கால் எவ்வளவு நீளம் என்று விரலால் காட்டினாள். நத்தைக்குத்தி நாரை நின்றுகொண்டு நத்தை பொறுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முழங்காலுக்குக் கீழே கை வைத்துக் காட்டினாள். ஊசிவால் வாத்து முங்குவதில்லை, தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்தெட்டும் ஆழத்தில்தான் மேயும். ஏரி ததும்பினால் இவற்றுக்கெல்லாம் இங்கே சோறு இல்லை. முங்கி மேய்கிறதும் மீன் பிடிக்கிறதும்தான் தங்கும்.

அந்த வருஷம் ததும்பினதற்குக் காரணம் யாருக்கும் மறக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. தெற்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து வீட்டோடு ஏழு பேரைக் கொண்டுபோனது. எங்கள் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போயின. மேல் ஏரி வழிந்தால் கீழ் ஏரி நிரம்பும், அது வழிந்தால் அடுத்தது. அப்படிக் கோத்து வெட்டி வைத்த ஊர் இது. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை வென்ற தெள்ளாறு என்று இதைச் சரித்திரத்தில் படிக்கிறார்கள். அந்தப் பல்லவர்கள் வெட்டிய ஏரியொன்று இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் மாமண்டூரில் இன்றும் தண்ணீர் பிடிக்கிறது. போரை விட அது எனக்குப் பெரிதாகத் தோன்றும்.

"அப்ப மத்ததெல்லாம் எங்க போயிருக்கும்?"

"எல்லா ஏரியும் ரொம்பினா எல்லாம் பிரிஞ்சு போயிடும். ஆழமில்லாத எடமா பாத்து உக்காரும். நெல்லு வயல்ல, தாங்கல்ல. பங்குனியில தண்ணி எறங்கட்டும், அப்ப வந்து பாரு, இந்த மூலையில கால் வெக்க எடம் இருக்காது." பிறகு தம்பியின் கையிலிருந்து குறிப்பேட்டை வாங்கி, எண்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் அளவையும் எழுதினாள். கம்மி என்று வருந்தி அடிக்கவும் இல்லை, கூட்டிப் போடவும் இல்லை.

அந்த நேரத்தில் வடக்கிலிருந்து ஒரு வாத்துக்கூட்டம் உயரத்தில் வந்தது. பைனாகுலர் ஏறியது. ஏரிக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்காமலே கிழக்கே போயிற்று. "நீலச்சிறகி, எழுது எழுது" என்று குதித்தான் பையன். அவள் கண்ணை எடுத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். "வெளிச்சம் பின்னால இருந்துச்சு, எனக்கு நிறமே தெரியல. வாத்து, முப்பது, இனம் தெரியலன்னு போடு." அவன் முனகிக்கொண்டே எழுதினான். நானும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். நீலச்சிறகியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. ஆனால் படுவதை எழுதக்கூடாது என்பதைத்தான் அந்தப் பிள்ளை இரண்டு வருஷமாகக் காலாப்பட்டில் கற்றிருக்கிறாள். வேறு என்ன கற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், இது ஒன்று போதும் என்று எனக்குத் தோன்றியது. நாளைக்கு இந்த ஏரிக்குள் ஒரு சாலை போடலாமா என்று யாராவது கேட்கும்போது, நம்பத் தகுந்த ஒரு காகிதம் வேண்டுமானால், அது இப்படித் தெரியாததைத் தெரியாது என்று எழுதின கையிலிருந்துதான் வரும்.

நீர்க்கட்டித் தாத்தா மண்வெட்டியோடு வந்தார். பண்டிகையானாலும் மதகைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது.

"இன்னா பாப்பா, காலையிலயே?"

"எண்றேன் தாத்தா."

"எண்ணு, எண்ணு. போன தடவ நீ கேட்டியே, நாரை கூடு வெச்சது எந்த வருஷம்னு. ஞாபகம் வந்துச்சு. மரத்த ஏலம் விட்டாங்க பாரு, அதுக்கு முன்ன வருஷம்." ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களைக் காட்டினார். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிக்குள் கருவேலம் நட்டார்கள், விறகுக்காக. விறகு வெட்டும்வரைக்கும் அவை பறவைக்குக் கூடுகட்ட இடம் கொடுத்தன. அவள் உடனே பென்சிலை எடுத்தாள். எந்த மரம், எந்த மாதம், குஞ்சு பறந்ததா, ஏலத்துக்கு அப்புறம் எங்கே போச்சு. அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். மீன் ஏலம் எடுத்தவர்கள் நாரையையும் கூழைக்கடாவையும் விரட்டப் பட்டாசு வைத்த கதையையும் சொன்னார். அவள் முகம் சுருங்கியது, ஆனாலும் எழுதினாள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி வைப்பதில்லை என்று சொன்னாள். தாத்தா, "அப்பிடியா!" என்று வாயில் விரல் வைத்தார். "அங்க மீன் குத்தகை யாரு எடுக்கறாங்க?" என்றும் கேட்டார். நல்ல கேள்வி. அவளிடம் பதில் இல்லை. அதையும் குறித்துக்கொண்டாள்.

பாடப்புத்தகத்தில் இந்தத் தாத்தா கிடையாது. கிழக்கே வேடந்தாங்கலில், ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியில் சிப்பாய்கள் பறவை சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பட்டம் வாங்கினவர்கள் யாரும் அதில் இல்லை. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்ட சம்சாரிகள். 2022இல் அந்த ஏரி, உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் ஏறியது. இதைச் சுற்றுச்சூழல் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் முதல் வாரமே கேட்க வேண்டும் என்பேன். தாங்கள் போய்த்தான் ஊருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் அதிலேயே பாதி தணிந்துவிடும்.

வெயில் ஏறியது. கரைமேல் சலங்கைச் சத்தம். காளைகளை ஓட்டிக்கொண்டு பையன்கள் தபதபவென்று தண்ணீரில் இறங்கினார்கள். நாமக்கோழிகள் மொத்தமும் ஏரி நடுவுக்குப் போய்விட்டன. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிந்த நேரத்தைக் குறித்தாள். குறிப்புக் கட்டத்தில், மாடு குளிப்பாட்டல் தொடங்கியது என்று எழுதச் சொன்னாள். அவ்வளவுதான், யார் மேலும் சலிப்பில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குத்தானே ஏரி.

காளையோடு வந்தவர்களில் ஒருவன் வந்தவாசிப் பக்கம் பி.காம் படிக்கிறவன். "இன்னாக்கா, ஈவிஎஸ் தானே படிக்கிற? நாங்களும் படிச்சோம். ஒரே ராத்திரி, பாஸு." அவள் சிரித்துவிட்டாள். அவன் சொன்னது பொய்யில்லை. சுற்றுச்சூழல் பாடம் எல்லாப் படிப்பிலும் இருக்க வேண்டும் என்று 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறம் பட்டப்படிப்பு எதுவானாலும் கட்டாயத் தாளாக வந்தது. ஓசோன், அமில மழை, ஐந்து மதிப்பெண் கேள்வி. எங்கள் ஏரி எத்தனை ஏக்கர், அதன் வரவுக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அந்தத் தாளில் எந்த வருஷமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தப் பையன் ஒரே ராத்திரியில் பாஸ் ஆகியிருக்க மாட்டான், ஆனால் கால்வாய் ஓரமாக ஒரு தடவையாவது நடந்திருப்பான்.

அவள் அப்பா வந்தார். நெற்றியில் விபூதி, கையில் தூக்குவாளியில் டீ. தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை தறியில் பாதியில் நிற்கிறது. பொங்கலுக்கு ஒரு நாள்தான் ஓய்வு. மதகுத் திண்டில் உட்கார்ந்தார்கள். நான் இருந்த இடத்துக்குப் பேச்சுக் கேட்டது. விலகிப் போயிருக்கலாம், போகவில்லை.

"இதுக்கு எதாச்சும் குடுப்பாங்களா?"

"இதுக்கு இல்லப்பா. இது நம்மளா செய்றது."

"படிச்சி முடிச்ச பிறகு?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். வேலைக்கு விளம்பரம் வருகிறது. எல்லாவற்றிலும் இரண்டு வருஷக் கள அனுபவம் கேட்கிறார்கள். அனுபவத்துக்கு ஓரிடத்தில் கேட்டதற்கு ஆறு மாதம் காட்டில் தங்கணும், சாப்பாடு கொடுப்போம், சம்பளம் கிடையாது என்றார்கள். கூடப் படிக்கிற ஒரு பெண் சேர்ந்துவிட்டாள். "அவங்க வீட்ல முடியும்."

அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு மாசம்னா..." என்று நிறுத்தினார். எத்தனை புடவை என்று கணக்குப் போட்டிருப்பார். வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதுதான் இந்தப் படிப்பில் யாரும் பாடமாக நடத்தாத இடம். வெளிநாட்டில் கைக்காசு கொடுத்து ஆமைக்கும் யானைக்கும் தொண்டு செய்யப் போவதே ஒரு தனித் தொழிலாக நடக்கிறது. நம் நாட்டில் காசு கொடுக்க வேண்டாம், காசு கேட்காமல் இருந்தால் போதும். இரண்டிலும் உள்ளே போக முடிகிறவர்கள் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள். ஏரியோடு பிறந்து, மடையானுக்கும் கொக்குக்கும் பறத்தலிலேயே வித்தியாசம் தெரிந்த பிள்ளை வெளியே நிற்கிறது. இயற்கையைக் காக்கிற வேலைக்கு இது நஷ்டம், அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல. ஆராய்ச்சிப் பணம் வாங்குகிற நிறுவனம் எதுவானாலும், களத்தில் நடக்கிற மாணவருக்குப் பஸ் காசும் மாதப் படியும் அந்தப் பணத்திலிருந்தே கொடுத்தாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தமிழக அரசு முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை மாத ஊதியத்தோடு மாவட்டங்களில் அமர்த்தியது. அது சரியான வழி. ஆனால் இடங்கள் ரொம்பக் கொஞ்சம்.

வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி, இந்த இரண்டிலும் வன உயிரியல் படித்து, நாட்டின் காடுகளில் வேலை செய்யப் போன சிற்றூர்ப் பிள்ளைகள் பலர். சென்னைக் கடற்கரையில் 1988இலிருந்து மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் புதைக்கிறார்கள். அங்கே கேட்பது ஒரு இரவுத் தூக்கம்தான். இவள்கூட ஒரு தடவை போய் நடந்துவிட்டு வந்ததைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுவேலியிலும் வேலை செய்திருக்கிறாள், ஆய்வுக்காக. மரக்காணம் பக்கத்து உவர்நீர்ச் சதுப்பு, 5,000 ஹெக்டேருக்கு மேல். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சர். "சேத்துல ஒரு தடவ இடுப்பு வரைக்கும் போயிட்டேன்டா" என்றாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் பேச்சை மாற்றினாள்.

"ரேஞ்சர் மாதிரி கவர்மெண்ட் வேல எதுவும்?"

"பரீட்சை இருக்குதுப்பா. பெரிய பரீட்சை, ஐ.எஃப்.எஸ். அதுக்கு என் படிப்பு போதும், விலங்கியல் இருக்குறதால."

அவள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்திய வனப் பணித் தேர்வின் விதியில் எந்தெந்தப் பட்டம் செல்லும் என்ற பட்டியலில் தாவரவியல் உண்டு, விலங்கியல் உண்டு, வேதியியல், நிலவியல், கணிதம், பொறியியல்கூட உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அதில் இல்லை. இளங்கலையிலேயே அதை மட்டும் எடுத்த பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்புகிற அன்றைக்குத்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். செய்யாற்றில் அன்றைக்கு அவளை விலங்கியலில் சேர்த்துவிட்டவர் யாரோ, அவருக்குப் புண்ணியம்.

டீ முடிந்தது. அப்பா வாளியைக் கழுவிக்கொண்டு நடந்தார். இரண்டடி போனவர் திரும்பி, "அந்தக் கண்ணாடியக் குடு" என்று பைனாகுலரை வாங்கி, கருவேல மரத்து நீர்க்காகத்தைப் பார்த்தார். முதலில் தலைகீழாகப் பிடித்தார். தம்பி திருப்பிக் கொடுத்தான். ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு பச்சையா இருக்குது" என்றார். அவள், "ஆமாம்பா" என்றாள்.

பண்டிகை முடிந்து காணும் பொங்கலும் கழிந்தது. எங்கள் திண்ணைக்கு நேரெதிரே, அவளுடைய சித்தப்பாவின் சாயப்பட்டறை. இரண்டே இரண்டு செப்புத் தொட்டி, ஓர் அடுப்பு, கிணறு, அலசுகிற சிமெண்டுத் தொட்டி. ஆரணிப் பட்டுக்கு நூல் வாங்கிக் காய்ச்சிச் சாயம் போட்டுத் தெருவுக்குக் கொடுக்கிறவர். காலையிலேயே கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவள் வந்து வாசலில் நின்றாள். இந்தத் தடவை பைனாகுலர் இல்லை. நாலு பிளாஸ்டிக் பாட்டில், நிறம் மாறுகிற தாள் ஒரு கட்டு.

"என்னத்தக் கண்டுபுடிக்கப் போற? பொல்யூஷன் போர்டுக்கு எழுதிப் போடப் போறியா?" சித்தப்பா சிரித்துக்கொண்டுதான் கேட்டார், கை மட்டும் நின்றுவிட்டது.

"யாருக்கும் இல்ல சித்தப்பா. எனக்குத் தெரிஞ்சிக்க."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவரே குவளையில் மொண்டு ஊற்றினார். தாள் நீலமாயிற்று. காய்ச்சின தண்ணீர், சாயத்தண்ணீர், முதல் அலசு, கடைசி அலசு, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி நேரம் எழுதினாள். பட்டுப்புழு நூலோடு சேர்த்து ஒரு பசையையும் கக்குகிறது. கோரா நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை அந்தப் பசை. நூல் பளபளக்க வேண்டுமானால் அது போயாக வேண்டும். ஒரு கிலோ நூல் காய்ச்சினால் கால் கிலோ வரைக்கும் பசை தண்ணீரோடு வெளியே போகிறது. சாயத்தைவிட அவளுக்கு அதுதான் கவலையாக இருந்தது. சாயம் கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் திட்டுவார்கள். பசை தெரியாது. குட்டையில் போய்ச் சேர்ந்தால் நுண்ணுயிர் அதைத் தின்னும், தின்னத் தின்னத் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் தீரும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். சித்தப்பாவுக்கு அவள் சொன்னது இதைத்தான், பரீட்சைச் சொல் எதுவும் இல்லாமல்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "திருப்பூர்ல மூடிட்டாங்களே, அந்த மாதிரி வருமா?" என்றார்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆறு செத்துப்போயிருந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத்தண்ணீர் நின்றது. உத்தரவு வந்ததில் தப்பில்லை. அங்கே பெரிய ஆலைகளும் ஏற்றுமதியும் இருந்தன. கழிவு வெளியே வராத சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசும் பணம் கொடுத்தது, அவர்களும் பணம் போட்டார்கள். இரண்டு தொட்டிக்காரருக்கு அந்த வழி இல்லை. இவரைக் குற்றவாளியாக்குவதும் சுலபம், விட்டுவிடுவதும் சுலபம். இரண்டும் செய்யாமல் வாசலில் நிற்கிறவள்தான் எனக்கு வேண்டியவள். இதற்கெல்லாம் எந்த நிறுவனமும் அனுபவச் சான்று தரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் கடைசி அலசு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். கிட்டத்தட்டக் கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது. "இத ஏன் கொட்றீங்க? அடுத்த நூலுக்கு மொத அலசு இதுலயே அலசலாமே. பாதித் தண்ணி மிச்சம். சாயத்தையும் தொட்டி வெளுக்கற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஆசிட் விட்டு நூலுக்கே ஏத்திட்டீங்கன்னா, கொட்றதுல நெறமே இருக்காது. சாயமும் மிச்சம்."

"அது எங்கப்பா செஞ்சதுதான். இப்ப அவசரத்துல யாரு நிக்கிறது." ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். "செவப்பு அலசினதுல மஞ்சள் அலச முடியாது, தெரியுமா உனக்கு?"

தெரியாது. முகத்திலேயே தெரிந்தது. குறிப்பேட்டைத் திறந்தாள். "அப்ப எந்த நெறத்துக்கு அப்புறம் எது வரலாம், வரிசையா சொல்லுங்க."

அவர் விரலை மடக்கினார். வெளிர் நிறத்திலிருந்து ஆரம்பிக்கணும். மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் அரக்கு, மெரூன், கடைசியில் கறுப்பு. பச்சைக்கு வேறு தொட்டி. வாரத்துக்கு வருகிற நூலை அப்படி அடுக்கிக்கொண்டால் முடியும். ஆனால் தண்ணீரைப் பிடித்துவைக்க இன்னொரு தொட்டி வேண்டும்.

"எவ்ளோ பெருசு?"

"அளந்தாதான் தெரியும்."

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனார்கள். அவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றார், அவள் மறுமுனையோடு மதில் வரைக்கும் போனாள். "மரத்த வெட்டக் கூடாது" என்றார் அவர். "யாரு வெட்டச் சொன்னா, இந்தப் பக்கம் ரெண்டு முழம் தள்ளுங்க" என்றாள். "தள்ளினா வண்டி எப்படி உள்ள வரும்?" என்று அவர் கேட்க, அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாசலை அளக்கப் போனாள்.